குரு பக்கத்தில் இல்லாத ஊரில் வயலின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் ஆடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி ஷார்ஜா போனேன். அங்கே 31 வயதில், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் வயலினைக் கையில் எடுத்தேன். 12 வருஷம் கழித்து ஊர் திரும்பி, இப்போது கும்பகோணத்தில் வீட்டிலேயே சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

சிங்கப்பூர், தோஹா, லண்டன், டொராண்டோ என்று போய்விட்ட நம் பக்கத்து மனிதர்கள் வாரம் இரண்டு பேராவது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆளுக்குக் கொஞ்சமாகப் பதில் சொல்வதைவிட ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பேசுவது முழுக்க கர்நாடக சங்கீத வயலினைப் பற்றி.

அக்கா, குரு இல்லாமல் வயலின் வருமா? உள்ளதைச் சொல்லுங்கள்.

ஒரு தூரம் வரைக்கும் வரும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்கிற ஆரம்பப் பாடங்கள் வரைக்கும் ஒருவர் தனியாகப் போகலாம். நான் போனேன். அடுத்த பாடமான வர்ணத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, என்று வரும்போது தடுக்கும். அதற்கு முன்பே இரண்டு விஷயங்களுக்கு இன்னொருவருடைய கண் கட்டாயம் வேண்டும்: உட்காரும் விதம், வில் பிடிக்கும் கை. இந்த இரண்டையும் ஒருவரிடம் காட்டிச் சரி செய்துகொண்டால் மற்றதைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் காட்டாமல் இரண்டு வருஷம் வாசித்தேன். வலது கட்டைவிரல் வில்லில் விறைத்து நிற்கும். அரைமணி வாசித்தால் தோள்பட்டை வரை வலி ஏறும். வயது என்று நினைத்துக்கொண்டேன். லீவில் வந்தபோது கும்பகோணத்தில் ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் என்னை வாசிக்கவே சொல்லவில்லை. கட்டைவிரலை லேசாக மடக்கி வைத்தார், சுண்டுவிரலை வில்லின் மேல் வளைத்து உட்கார வைத்தார், "இப்ப ஒரு சா இழும்மா" என்றார். இருபது நிமிஷம்தான். அந்த வலி அதற்கப்புறம் வரவில்லை.

தைரியத்துக்கு ஒன்று சொல்கிறேன். நம் சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுகிற பாலுசுவாமி தீட்சிதர் திருவாரூர்க்காரர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. குடும்பம் சென்னை பக்கம் மணலியில் இருந்த காலத்தில் ஒரு ஐரோப்பிய இசைக்காரரிடம் அந்த வாத்தியத்தைப் பழகினார். ஆனால் அதில் தோடி, கல்யாணி மாதிரி ராகங்களை எப்படி வாசிப்பது என்று அவருக்குச் சொல்லித்தர அப்போது யார் இருந்தார்கள்? பாட்டு அவர் காதிலும் தொண்டையிலும் இருந்தது. அதை வைத்து விரலைத் தேடிப் பிடித்தார்.

பாட்டு தெரியாது, நேராக வயலினில் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வீணையில் ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் இருக்கின்றன. விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மெட்டு ஸ்வரத்தைக் காப்பாற்றிவிடும். வயலினில் மொழுமொழுவென்று ஒரு கறுப்புப் பலகை (ஃபிங்கர் போர்டு) மட்டும்தான். ஒரு நூல் தள்ளினால் ஸ்வரம் போச்சு. போனதை யார் சொல்வது? குரு இருந்தால் "ம்ஹூம்" என்பார். குரு இல்லாத வீட்டில் உங்கள் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காதுக்கு ஸ்வரம் தெரிவது, நீங்கள் அதை வாய்விட்டுப் பாடியிருந்தால்தான்.

அதனால் முதல் ஒரு மாதம் வயலின் பெட்டியைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. தம்பூரா செயலியைப் போட்டுவிட்டு ச, ப, மேல் ச மூன்றையும் பாடுங்கள். அது நின்றதும் சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று பலர் தயங்குகிறார்கள். குரல் இனிமை இங்கே தேவையில்லை, சுருதியில் நின்றால் போதும். வயலின் எடுத்த பிறகும் இதே வரிசைதான்: ஒரு வரி பாடு, அதே வரியை வாசி. பாட முடியாத வரியை வாசிக்காதீர்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கும் இதே சட்டம்.

கடையில் வாங்கிய வயலினில் சுருதி எப்படிச் சேர்ப்பது?

மேற்கத்திய முறையில் நாலு கம்பியும் நாலு வெவ்வேறு ஸ்வரம்: தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஏ, இ. நமக்கு ச, ப, ச, ப. தடித்தது மந்தர ஸட்ஜம் (கீழ் ச), அடுத்தது மந்தர பஞ்சமம் (கீழ் ப), பிறகு மத்திய ஸட்ஜம் (நடு ச), கடைசியில் மெல்லியது மத்திய பஞ்சமம் (நடு ப).

ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டை என்று சொல்வோம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 5 கட்டை சுலபம். அதில் தடித்த இரண்டு கம்பிகளையும் தொடவே வேண்டாம். மெல்லிய இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். ட்யூனர் செயலியில் ஜி, டி, ஜி, டி என்று காட்டும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாடவும் இது ஓரளவு ஒத்துவரும். ஆண்கள் 1 கட்டை, 2 கட்டையில் பாடுகிறவர்களாக இருந்தால் வயலினையும் இறக்க வேண்டியிருக்கும். அப்போது சாதாரணக் கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். கொஞ்சம் கனமான கம்பி போட வேண்டும். ஊருக்கு வரும்போது கடையில் உங்கள் கட்டையைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது மெதுவாக. கம்பியை முறுக்குகிற பிரடையைத் திருகும்போதே உள்பக்கமாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் நழுவும். மெல்லிய கம்பிதான் அறுந்து போகும், எப்போதும் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

யூடியூபில் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிக்கிறார்கள். நானும் அப்படிப் பழகலாமா?

அது அவர்கள் சங்கீதத்துக்குச் சரியான பிடி. நமக்குக் கீழே உட்கார வேண்டும். சம்மணம் போட்டு, வலது காலைச் சற்று முன்னால் தள்ளி, வயலின் தலையை வலது கணுக்கால் மேல் வையுங்கள். அடிப்பக்கம் இடது மார்புக்கும் தோளுக்கும் இடையில் சாய்ந்திருக்கும். இரண்டு முனையிலும் வயலின் தானாக நிற்பதால் இடது கைக்குத் தாங்குகிற வேலை இல்லை; கம்பியில் மேலும் கீழும் தாராளமாக வழுக்கலாம். நம் கமகத்துக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும்.

முதல் வாரம் கணுக்கால் எலும்பு வலிக்கும். ஒரு கைத்துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். வழவழப்பான துணி உடுத்தி உட்காராதீர்கள், வயலின் சறுக்கும். பருத்திதான் நல்லது. முட்டி வலி உள்ளவர்கள் ஒரு தலையணை மேல் உட்காரலாம், தப்பே இல்லை.

புது வயலின் வந்தது. வில்லைத் தேய்த்தால் சத்தமே வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. புது வில்லின் குதிரைமுடியில் ரோசின் என்கிற பிசின் தூள் இருக்காது. ரோசின் இல்லாத முடி கம்பியைப் பிடிக்காது. புது ரோசின் கட்டியும் கண்ணாடி மாதிரி வழுக்கும். உப்புத்தாளால் மேலே லேசாகக் கீறிவிட்டு, வில்லை முப்பது நாற்பது தடவை அதன் மேல் இழுங்கள். முடியைக் கையால் தொடாதீர்கள். நடுவில் குச்சிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு முறுக்குங்கள், வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.

அப்படியும் சத்தம் அடைத்த மாதிரி இருந்தால் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள். கம்பிகளைத் தாங்குகிற மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அதற்குக் கீழே, மெல்லிய கம்பிப் பக்கமாக, ஒரு சின்ன மரக்குச்சி நிமிர்ந்து நிற்க வேண்டும். சவுண்ட் போஸ்ட் என்பார்கள். எனக்கு முதலில் வந்த வயலினில் அது விழுந்து உள்ளே உருண்டுகொண்டிருந்தது. விற்ற கடை "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டது, நானும் நம்பி மூன்று மாதம் வாசித்தேன். விழுந்திருந்தால் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, வயலின் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். நீங்களே நிறுத்தப் பார்க்காதீர்கள்.

ஃபிங்கர் போர்டில் பட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வைக்கலாமா?

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அந்தப் பட்டைகள் மேற்கத்திய பாடத்துக்கு ஒட்டியவை. நம் சுருதியில் அவற்றின் மேல் விரல் வைத்தால் ச ரி க ம, ப த நி ச என்று வருவது சங்கராபரண ராகம். நாம் ஆரம்பிப்பதோ மாயாமாளவகௌளை. அதில் ரியும் தவும் சிறியவை, அதாவது ச, ப இரண்டுக்கும் நெருக்கமானவை. முதல் விரல், அதாவது ஆள்காட்டி விரல், முதல் பட்டையில் நிற்கக்கூடாது. பிரடைப் பக்கமாகப் பாதி தூரம் பின்னால் போக வேண்டும். பட்டையை நம்பி ஒரு வருஷம் சரளி வரிசையைச் சங்கராபரணத்திலேயே வாசித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாயாமாளவகௌளையில் ஒரு அழகு உண்டு. ச கம்பியில் முதல் விரல் ரி, நன்றாக விரித்து இரண்டாம் விரல் க, அதை ஒட்டினாற்போல் மூன்றாம் விரல் ம. ப கம்பிக்கு மாறினால் அதே இடம், அதே விரல்: த, நி, மேல் ச. ஒரு கம்பியில் கை பழகினால் இன்னொரு கம்பியும் பழகிவிட்டது என்று அர்த்தம். கட்டையை மாற்றினாலும் விரல் இடம் மாறாது.

இரண்டு மாதத்தில் பட்டையைப் பிய்த்துவிடுங்கள். கண் பார்க்கப் பழகிவிட்டால் காது வேலை செய்யாது.

தனியாக இருக்கும்போது ஸ்வரம் சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

வயலினே சொல்லும். இதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தபோது தனியாக இருந்த பயமே போய்விட்டது.

பஸ் டிக்கெட் அளவு மெல்லிய காகிதத்தில் ஒரு துளி கிழித்து, கூரை மாதிரி மடித்து, ப கம்பியின் நடுவில் உட்கார வையுங்கள். இப்போது பக்கத்து ச கம்பியில் சுண்டுவிரலை வைத்துப் பஞ்சமம் வாசியுங்கள். விரல் ஒரு நூல் தப்பினால் காகிதம் சும்மா இருக்கும். சரியாக விழுந்த நொடியில் துள்ளும், சமயத்தில் பறந்து மடியில் விழும். யாரும் தொடாத கம்பி தானாக அதிர்கிறது.

மேல் ஸட்ஜத்துக்கும் இதைச் செய்யலாம். ப கம்பியில் மூன்றாம் விரலில் மேல் ச வாசித்தால் பக்கத்தில் ச கம்பி அதிரும். ஆனால் காகிதத்தை நடுவில் வைக்காதீர்கள். அப்போது கம்பி இரண்டு பாதியாகப் பிரிந்து ஆடும், நடு இடம் அசையாது. பிரடைப் பக்கத்திலிருந்து கால்வாசி தூரத்தில் வையுங்கள். கொஞ்ச நாளில் காகிதம் தேவைப்படாது. சுருதியில் விழுந்த ஸ்வரம் வில்லை எடுத்த பிறகும் ஒரு கணம் பெட்டிக்குள் நிற்கும், தப்பிய ஸ்வரம் உடனே செத்துவிடும். அந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டால் பாதி குரு கிடைத்த மாதிரி.

மற்றது, உங்கள் வாசிப்பைப் போனில் பதிவு செய்து மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றே கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

இங்கே மெல்பர்னில் மேற்கத்திய வயலின் டீச்சர்தான் இருக்கிறார். சேரலாமா?

தாராளமாக. வில் கைக்கு அவரைவிட நல்ல வழி கிடைக்காது. வில் குதிரைக்கும் ஃபிங்கர் போர்டுக்கும் நடுவில் நேராகப் போவது, முழு வில் இழுப்பது, அழுத்தத்தைக் குறைப்பது, இதெல்லாம் இரண்டு சங்கீதத்துக்கும் பொது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "எங்கள் சுருதி வேறு, உட்காரும் முறை வேறு, எனக்கு வில் மட்டும் சொல்லிக் கொடுங்கள்." சிலர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவரிடம் நின்று வாசித்தே மூன்று மாதம் படித்தாலும் நஷ்டமில்லை.

ஆன்லைன் வகுப்பு எப்படி?

கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் பிந்தி வரும். அவர் வாசிக்க, நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டும். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீண்ட ஸட்ஜத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து அது அமுக்கிவிடும். கேமராவை முகத்துக்கு நேரே வைக்காமல் வலப்பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள். டீச்சர் பார்க்க வேண்டியது உங்கள் வில்லை.

தினமும் எவ்வளவு நேரம்? எப்போது ஒரு கீர்த்தனை வாசிப்பேன்?

நாற்பது நிமிஷம், தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் கை வராது, முதுகுவலிதான் வரும். அதில் முதல் பத்து நிமிஷம் விரலே வைக்காமல் நாலு கம்பியிலும் நீளமாக வில் இழுங்கள். சலிப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் நாதம் அங்கேதான் பிறக்கிறது. பிறகு வரிசைகள், முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) சுத்தமாக வந்த பிறகே இரண்டாம் காலம் (இரட்டை வேகம்).

வரிசைகளும் அலங்காரமும் ஒரு வருஷம் ஆகலாம். மலஹரி ராகக் கீதங்கள் அதற்கப்புறம். மோகன ராக வர்ணம் "நின்னுகோரி" கைக்கு வர இரண்டு, மூன்று வருஷம். சினிமாப் பாட்டு நடுவில் வாசிக்கலாமா என்று கேட்கிறார்கள். வாசியுங்கள், ஆசையை ஏன் அடக்க வேண்டும்? நாற்பது நிமிஷம் முடிந்த பிறகு வாசியுங்கள்.

கமகம் புத்தகத்தில் இல்லையே, அதை எப்படிக் கற்றுக்கொள்வது?

கேட்டுத்தான். தோடியில் க என்று புத்தகத்தில் ஒரு எழுத்து இருக்கும். வாசிக்கும்போது அது ஒரு இடத்தில் நிற்காது, ரியையும் மவையும் தொட்டுக்கொண்டு ஊஞ்சல் ஆடும். அந்த ஆட்டத்தின் அளவை எந்த எழுத்தாலும் காட்ட முடியாது.

நம் மண்ணில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. கோயில் புறப்பாட்டிலும் கல்யாணத்திலும் நாகஸ்வரம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். எனக்குத் தோடி என்ற பெயர் தெரிவதற்கு முன்பே நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி காதில் இருந்தது. வீட்டில் டேப் ஓடும். வயலின் கற்றுக்கொள்பவர்கள் வயலின் மட்டும் கேட்கிறார்கள். நாகஸ்வரமும் வாய்ப்பாட்டும் கேளுங்கள். வயலினில் பாட்டு கேட்க வேண்டும் என்றால் லால்குடி ஜெயராமன் வாசித்த கீர்த்தனைகளைக் கேளுங்கள், சாகித்யத்தின் (பாட்டு வரியின்) சொல் எங்கே பிரிகிறது என்று வில்லிலேயே தெரியும்.

நாற்பது நாளைக்கு ஒரே பாட்டு, ஒரே பாடகர். பத்து பேரைக் கேட்டுக் கலக்காதீர்கள். முதலில் கூடவே பாடுங்கள், பிறகு ஒரு சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் ஒரு விதத்தை) துண்டாக வெட்டி வயலினில் தேடுங்கள். இடது விரல் நுனியில் ஒரு பொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்குவதற்கு உதவும். அந்தக் கை வில் முடியில் படக்கூடாது.

அடுக்குமாடி வீடு. பக்கத்து வீட்டில் புகார் சொல்கிறார்கள்.

குதிரையின் மேல் மாட்டுகிற ரப்பர் மியூட் வாங்குங்கள். பயிற்சிக்கென்று விற்கிற தடித்த வகை. சத்தம் நன்றாகக் குறையும். வாரத்தில் இரண்டு நாளாவது அதைக் கழற்றிவிட்டுப் பகலில் வாசியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாதம் எப்படி என்றே மறந்துவிடும்.

குளிர்காலத்தில் பிரடை நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும், பிரடை நழுவும். ஓட்டை போட்ட சோப்புப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்து, வயலின் பெட்டி ஓரத்தில் போடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். நழுவுகிற பிரடைக்குக் கொஞ்சம் சாக்பீஸ். நம் ஊரில் நேர்மாறு: நான் திரும்பி வந்தது ஐப்பசி மழையில், ஒரு வாரத்தில் நாலு பிரடையும் ஊறி இறுகிவிட்டன.

45 வயதாகிவிட்டது, பிந்திவிட்டதா?

இல்லை. விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் பழகும். ஆனால் இத்தனை வருஷம் கேட்ட பாட்டு உங்களோடு இருக்கிறது.

லீவில் ஒரு மாதம் ஊருக்கு வருகிறேன். எதைச் செய்வது?

முப்பது நாளில் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் எல்லாம் இருக்கும், தெரியும். எட்டு நாளை இதற்கு ஒதுக்குங்கள். தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, எங்கே இறங்கினாலும் அரைமணி தூரத்தில் ஒரு வயலின் வாத்தியார் இருப்பார். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது, அங்கே படித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். வெற்றிலை பாக்கு பழத்தோடு போங்கள். "புதுப் பாட்டு வேண்டாம் ஐயா, என் கையைப் பாருங்கள்" என்று கேளுங்கள். உட்காரும் விதம், வில், முதல் விரலின் இடம். அவர் சொல்வதையெல்லாம் அனுமதி கேட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, மாதம் ஒரு பதிவு அனுப்பினால் கேட்டுச் சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பலர் சரி என்பார்கள்.

தை மாதம் ஒட்டி வர முடிந்தால் திருவையாறு ஆராதனைக்கு வாருங்கள். புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை, காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி முன்னால் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து கீர்த்தனைகளையும் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்கூட்டியே போய் அவர்களுடைய வலது கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். அத்தனை வில்லும் ஒரே ஸட்ஜத்தில் சேர்கிற இடம் வரும். நான் முதல் தடவை அதைப் பக்கத்தில் இருந்து கேட்டபோது அழுதுவிட்டேன்.

விமானத்தில் வயலினை எப்படிக் கொண்டு வருவது?

கையோடுதான். லக்கேஜில் போடவே போடாதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை ஒரு ஸ்வரம் இறக்கினால் போதும். மொத்தமாகக் கழற்றினால் குதிரை சாயும், உள்ளே குச்சி விழும். குதிரையின் இரண்டு பக்கமும் மெல்லிய துணி செருகி, வில்லைத் தளர்த்தி வையுங்கள். திருச்சியில் இறங்கி வீடு வந்ததும் பெட்டியை ஒரு மணி நேரம் மூடியபடியே கூடத்தில் வைத்திருங்கள், ஏசி குளிரிலிருந்து வந்த மரம் நம் ஊர்க் காற்றுக்குப் பழகட்டும். அப்புறம் திறந்து சுருதி சேருங்கள்.